எந்தக் கணக்கு நம் பிள்ளைக்கு?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஞாயிறுதோறும் இம்மண்டபத்தின் பின்கட்டில் நம் காலனிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவரும் எங்களை இன்று மேடையேற்றிப் பேசப் பணித்துள்ளீர்கள். கலை நிகழ்ச்சிக்கு ஆவலோடு காத்திருப்போரை நெடுநேரம் நிறுத்தி வைப்பது முறையன்று. ஆதலின், நாங்கள் செய்த பிழை ஒன்றைக் கூறி, அதன் வழியே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2020ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத்துக்குப் பேசிக், ஸ்டாண்டர்டு என இரு தாள்களை வைத்தது. பாடத்திட்டம் ஒன்றே; வகுப்பில் நடத்துவதும் ஒன்றே; வினாத்தாளின் கடுமையே வேறு. பேசிக் எழுதித் தேறியவர் பதினொன்றாம் வகுப்பில் கணிதம் எடுக்க விரும்பினால், துணைத்தேர்வில் ஸ்டாண்டர்டு தாளையும் எழுதித் தேற வேண்டும் என்பது அன்றைய விதி. கொரோனாக் காலத்தில், 2020இல், அவ்விதி தளர்த்தப்பட்டது. விதிகள் இவ்வாறு மாறும் இயல்பின. அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையைப் பள்ளியில் கேட்டுப் படித்தறிய வேண்டுகிறோம். மாடிப்படியில் காதில் விழுந்ததை நம்பி முடிவெடுத்தவர்களை நாங்கள் அறிவோம்.

தளர்வு வருமுன், 2019இல் நடந்தது இது. அரையாண்டுத் தேர்வு முடிந்து, எந்தத் தாள் என்று பள்ளியில் எழுதிக் கொடுக்க வேண்டிய வேளை. அன்பர் ஒருவர் தம் பெண்ணின் மதிப்பெண் தாளோடு வந்தார். 80க்கு 29.

"சார், இவளுக்குக் கணக்கு ஏறவில்லை. பேசிக் போதும் என்று பள்ளியில் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

"போதும்" என்றோம். அவளுடைய நோட்டுப் புத்தகத்தைக் கேட்டோமில்லை, அவளையும் கேட்டோமில்லை.

அடுத்த ஞாயிறு அவளே வந்து நின்றாள். "மாமா, கட்டடக்கலை படிக்கப் பன்னிரண்டாவதில் கணக்கு இருக்க வேண்டுமாமே? அப்பாவிடம் சொல்லப் பயமாயிருக்கிறது" என்றாள். எங்களுக்குச் சுருக்கென்றது. ஒரு பெண்ணின் வாழ்க்கைக் கதவை அரை நிமிடத்தில் சாத்தப் பார்த்தோமே!

உட்கார வைத்து, அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு என்று வினவினோம். மேலெண்களைக் கூட்டினாள், கீழெண்களைக் கூட்டினாள், ஐந்தில் இரண்டு என்றாள். "ஐந்தில் இரண்டு அரையைவிடப் பெரிதா, சிறிதா?" என்றோம். சிறிது நேரம் எண்ணினாள். முகம் மாறிற்று. அரையோடு ஒன்றைக் கூட்டியபின் அரையைவிடக் குறைந்திருப்பதை அவளே கண்டுகொண்டாள்.

காரணம் பிறகு தெரிந்தது. 2015இல், ஆறாம் வகுப்பின் நடுவே, தந்தைக்கு மாற்றல் வந்தது. சென்னைப் பள்ளியில் பின்னம் தொடங்குமுன் புறப்பட்டாள். தில்லிப் பள்ளியில் சேர்ந்தபோது பின்னம் முடிந்திருந்தது. விகிதம், இயற்கணிதம் என்று மேலே கட்டிய ஒவ்வொரு மாடியும் அந்த ஓட்டைமேல்தான் நின்றது. கணக்கு ஏறவில்லை என்பது உண்மையன்று. ஒரு படி இல்லாதிருந்தது. ஊர்விட்டு ஊர் மாறும் நம் போன்ற குடும்பங்களில் இது அரிதன்று.

பின்னத்தைப் புத்தகத்திலிருந்து தொடங்கவில்லை. நம் மொழியில் எட்டில் ஒன்றுக்கு அரைக்கால் என்று பெயர். காலில் அரை எட்டில் ஒன்று என்னும் பெருக்கலைப் பெயரே செய்து காட்டுகிறது. இங்குள்ள காய்கறிக்காரர் 'ஆதா பாவ்' என்று 125 கிராம் நிறுத்துத் தருவதும் அதே அரைக்கால்தான். கிலோவில் கால் பாவ், அதில் பாதி. 'முக்காலே மூன்று வீசம்' என்று பாட்டிமார் சொல்வதுண்டே, அதைக் கேட்டோம். வீசம் என்பது பதினாறில் ஒன்று. முக்காலை வீசமாக்கினால் பன்னிரண்டு. மூன்று சேர்ந்தால் பதினைந்து. பதினாறுக்கு ஒன்றே குறைவு. கீழெண்ணை ஒன்றாக்கிய பிறகே கூட்ட வேண்டும் என்பது அவளுக்கு அன்று விளங்கியது. அதே முறையில் அரையும் மூன்றில் ஒன்றும் ஆறில் ஐந்தாயின.

தந்தையிடம் நாங்களே சென்று, முன்பு கூறியதைத் திரும்பப் பெற்றோம். அவர் மகிழவில்லை, "மதிப்பெண் குறைந்தால் யார் பொறுப்பு?" என்றார். நியாயமான கேள்வி, பதில் எங்களிடம் இல்லை. எனினும் ஸ்டாண்டர்டு என்றே எழுதிக் கொடுத்தார். 100க்கு 64 பெற்றாள். அவர் எதிர்பார்த்தது அதைவிட அதிகம். ஆயினும் பதினொன்றில் கணிதம் எடுத்தாள்.

எல்லாரும் ஸ்டாண்டர்டே எழுத வேண்டும் என்று நாங்கள் கூறுவதாகக் கொள்ள வேண்டாம். வரலாற்றில் உயிரை வைத்திருந்த சிறுவன் ஒருவனை, அண்டை வீட்டார் என்ன சொல்வரோ என்றஞ்சி ஸ்டாண்டர்டு எழுத வைத்தனர். அந்த ஓராண்டு முழுதும் அவன் சிரித்ததை நாங்கள் பார்க்கவில்லை. அவனுக்குப் பேசிக் இழிவன்று. அவன் போக விரும்பிய வழிக்கு அதுவே போதுமானது.

ஆகவே, ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பில் பிள்ளைகளை உடைய பெற்றோரை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பின்கட்டுக்கு அவர்களை அனுப்புங்கள். மதிப்பெண் தாள் வேண்டாம். பழைய நோட்டுப் புத்தகங்களைக் கொடுத்தனுப்புங்கள். நடுவே பள்ளி மாறியிருந்தால், எந்த வகுப்பில், எந்த மாதத்தில் என்று ஒரு சீட்டில் குறித்தனுப்பினால் எங்களுக்குப் பேருதவியாகும்.