எட்டு ஓவர் ஆட்டத்தில் ஒரு விக்கெட்டின் விலை



புள்ளியியலையும் பேட்டிங்கையும் சேர்த்துப் பேச அருப்புக்கோட்டை மிகவும் பொருத்தமான ஊர். இங்கிருந்து திருச்சுழி வரைக்கும் கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாய்களில் டென்னிஸ் பந்து ஆட்டம் நடக்கிறது. எட்டு ஓவர், மிஞ்சினால் பத்து. கரையில் நிற்கும் கூட்டம் ஓயாமல் கத்துவது ஒன்றைத்தான்: "கட்டை போடாதடா, தூக்கி அடி!" முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பதுண்டு. கணக்கு கரையில் நிற்பவர்கள் பக்கமே இருக்கிறது என்பது என் துணிபு.

அந்தக் கணக்கின் தொடக்கம் 1992 உலகக் கோப்பை அரையிறுதி, சிட்னி. தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவைப்பட்டபோது மழை வந்தது. மழை விட்டதும் ஒரே பந்தில் 21 ரன் என்றார்கள். அந்த அநியாயம் உறுத்தியதால் பிராங்க் டக்வொர்த்தும் டோனி லூயிஸும் வகுத்த முறை 1997இல் நடைமுறைக்கு வந்தது. மழை விதி என்றே அதை எல்லோரும் அறிவார்கள். என்னைக் கேட்டால், பேட்டிங் வியூகம் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் ஆகச் சிறந்த ஆய்வு அதுதான். ஓர் அணியின் கையிருப்பு இரண்டு: மிச்சமுள்ள பந்துகள், மிச்சமுள்ள விக்கெட்டுகள். இரண்டையும் சேர்த்து ஒரே சதவீதமாக்கிக் காட்டுகிறது அவர்களுடைய அட்டவணை.

அதைச் சற்று நின்று படிப்போம். 50 ஓவரும் பத்து விக்கெட்டும் கையில் இருந்தால் 100 சதவீதம். அதே 50 ஓவருக்கு ஆறு விக்கெட்தான் என்றால் 62.7. ஆக, நான்கு விக்கெட்டின் விலை 37.3. இனி ஐந்து ஓவர் மட்டும் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து விக்கெட்டோடு 17.2, ஆறு விக்கெட்டோடு 16.1. அதே நான்கு விக்கெட்டின் விலை இங்கே வெறும் 1.1! அந்த 17.2ஐ முப்பது பந்துகளுக்குப் பகிர்ந்தால் பந்துக்குச் சுமார் 0.57. அவுட்டாகும் பந்துகளைத் தனியே கழித்துவிட்டுப் பார்த்தால், இரண்டு பந்தை வீணாக்குவதும் நான்கு விக்கெட்டை இழப்பதும் ஏறத்தாழ ஒரே நட்டம். விக்கெட்டைக் காப்பாற்றிக்கொண்டு நாட் அவுட்டாகத் திரும்பும் பையனை நாம் கைதட்டி வரவேற்கிறோம். எட்டு ஓவர் ஆட்டத்தில் அந்தக் கைதட்டு பெரும்பாலும் தவறானது.

சராசரி என்ற அளவுகோலும் இந்தத் தவறுக்குத் துணைபோகிறது. 1975 ஜூன் 7, லார்ட்ஸ். இங்கிலாந்து எடுத்த 334 ரன்னுக்கு எதிராக சுனில் கவாஸ்கர் 60 ஓவரும் நின்று 174 பந்தில் 36 நாட் அவுட். இந்தியா 202 ரன்னில் தோற்றது. சராசரிக் கணக்கிலோ அந்த 36 அவருக்கு வரவு. நிலைமையின் நெருக்கடிக்கு ஏற்ப ரன்னுக்கு மதிப்பிடும் முயற்சியில் சென்னை ஐஐடி 2019 முதல் கிரிக்இன்ஃபோ இணையதளத்துடன் இணைந்து இறங்கியிருப்பது அதனால்தான் முக்கியமாகிறது.

ஆனால் டக்வொர்த் அட்டவணையை அப்படியே திருச்சுழிக் கண்மாயில் விரித்துவிட முடியாது. அது புல்தரையில் தோல்பந்தில் ஆடியவர்களின் கணக்கு. இங்கே வெடித்த கரிசலில் பந்து எப்படி எழும் என்று யாருக்கும் தெரியாது. நல்ல அடி சீமைக்கருவேல முள்ளில் சிக்கி நிற்கும். ஐந்தாறு பேருக்குப் பிறகு மட்டை பிடிக்கத் தெரிந்தவர் இருக்கமாட்டார். ஆகவே நமக்கு நம் அட்டவணை வேண்டும்.

அதற்குத் தடை நம் ஸ்கோர் நோட்டுதான். ஒரு பையனின் பெயருக்கு எதிரே 1, 4, 2, 4, 1 என்று எழுதி 12 என்று கூட்டியிருக்கும். டாட் பாலெல்லாம் பவுலர் கட்டத்தில் புள்ளிகளாகக் கிடக்கும். அந்தப் 12க்கு அவன் எட்டுப் பந்து ஆடினானா, இருபது ஆடினானா? நோட்டு சொல்லாது. ஒரு பந்துக்கு ஒரு பதிவு என்று பவுலரையும் பேட்ஸ்மேனையும் ஒரே வரியில் இணைக்கும் முறையை ஆஸ்திரேலிய ஸ்கோரரான பில் பெர்குசன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கையாண்டார். பின்னாளில் பில் பிரிண்டால் அதைச் செம்மைப்படுத்தினார். கணினி வேண்டாம், நாற்பது பக்க நோட்டும் பொறுமையான ஒரு மாணவரும் போதும்.

அப்படிப்பட்ட தாள் ஒன்றின் மாதிரி உங்கள் கோப்புகளில் இருக்கிறது. பந்து எண், பவுலர், பேட்ஸ்மேன், ரன், பந்து போன திசை என ஐந்து கட்டங்கள். முள்ளில் சிக்கிய பந்துக்கு ஆறாவது கட்டம் தேவையா என்பதைப் பிற்பகல் அமர்வில் நீங்களே முடிவு செய்யுங்கள். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்லூரி அணி வீரர்களும் அந்த விவாதத்தில் பேச வேண்டும். கட்டங்களை நிரப்பப்போகிறவர்கள் அவர்கள்தான். இப்போது முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.