வரவேற்பறைக்கு ஏற்ற சரவிளக்கு



புதிதாக வீடு கட்டுவோருள் பலர், வரவேற்பறையின் நடுவே கண்ணாடிச் சரவிளக்கு ஒன்று தொங்கவேண்டும் என்று இந்நாளில் விரும்புகின்றனர். விருப்பத்தில் குற்றமில்லை. ஆனால் கடைக்குச் செல்பவர் விளக்கின் அழகைப் பார்க்கிறார், விலையைப் பார்க்கிறார், தம் வீட்டு அறையின் நீள அகலத்தை மட்டும் மறந்துவிடுகிறார். கடையின் கூரையோ மிக உயர்ந்தது. அங்கே சாணளவாகத் தோன்றிய விளக்கு, வீட்டிற்கு வந்தவுடன் முழமாக வளர்ந்துவிடுகிறது! இல்லத்தில் கணக்குப் பயில்பவர்கள் நீங்களே. ஆகவே இந்த அளவைக் கணித்துச் சொல்லும் பொறுப்பை உங்களிடமே ஒப்படைக்க விரும்புகிறேன்.

சரவிளக்கு நமக்குப் புதியதன்று. கோயில்களில் சங்கிலியில் அடுக்கடுக்காக அகல்கள் தொங்கும் விளக்கைக் கண்டிருப்பீர்கள். அது மெலிந்து நீண்டது. தூண்கள் நெருங்கிய இடத்திற்கு அவ்வடிவமே பொருந்தும். மேலைநாட்டுச் சரவிளக்கோ அகன்று விரிந்தது. அதற்குக் காரணம் மெழுகுவத்தி. ஒரு மெழுகுவத்தி ஏறத்தாழ 12 லூமென் ஒளியே தரும். பெரிய மண்டபம் ஒளிபெற வேண்டுமாயின் நூற்றுக்கணக்கான வத்திகள் வேண்டும். அத்தனையையும் தாங்கக் கிளைகள் வேண்டும். பிரான்சு நாட்டில் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபம் 1684-இல் முடிவுற்றது. அதன் நீளம் 73 மீட்டர், உயரம் 12 மீட்டருக்கு மேல். அங்கே பெரிய சரவிளக்குகள் வரிசையாகத் தொங்கினால்தான் அழகு. நம் நாட்டில் குவாலியர் நகரத்து ஜெய்விலாஸ் அரண்மனை 1874-இல் கட்டப்பெற்றது. அதன் தர்பார் மண்டபத்தில் தொங்கும் இரு விளக்குகளும் ஒவ்வொன்றும் மூன்றரை டன் எடையுள்ளவை என்பர். அவற்றை மாட்டுமுன் கூரையின்மீது யானைகளை ஏற்றி வலிமையைச் சோதித்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. கதை எவ்வாறாயினும், முதலில் கூரையை நினைத்தார்கள், பிறகே விளக்கை நினைத்தார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி நம் வீட்டிற்கு வருவோம். மேலைநாட்டு இல்ல அலங்காரக்காரர்கள் ஓர் எளிய கணக்கை வழங்குகின்றனர். அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் கூட்டுக. வந்த எண்ணை அங்குலமாகக் கொள்க. அதுவே விளக்கின் விட்டம். அறை 16 அடி நீளமும் 12 அடி அகலமும் உடையதாயின், விளக்கின் விட்டம் 28 அங்குலம். மீட்டரில் அளப்பவர்கள் கூட்டுத்தொகையைப் பன்னிரண்டால் வகுத்தால் போதும்; அடியும் அங்குலமும் பன்னிரண்டால் தொடர்புடையவை அல்லவா? இந்நாளைய அடுக்ககங்களில் வரவேற்பறையும் உணவறையும் சுவரின்றி ஒன்றாகவே இருக்கும். அங்கே முழு நீளத்தையும் அளக்கவேண்டா. நாற்காலிகள் இடப்பெறும் பகுதியை மட்டும் அளந்தால் போதும்.

இக்கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா? இங்கேதான் நாம் நின்று சிந்திக்கவேண்டும். இக்கணக்கு கூரையில் சுழலும் மின்விசிறியைக் கருதுவதில்லை. நம் வீட்டிலோ விசிறியின்றிச் சித்திரை மாதத்தைக் கழிக்க இயலுமா? 16 அடி நீள அறையில் இரண்டு விசிறிகளைச் சமமாகப் பங்கிட்டு மாட்டி, நடுவே விளக்கைத் தொங்கவிடுவதாக வைத்துக்கொள்வோம். விளக்கின் மையத்திற்கும் விசிறியின் மையத்திற்கும் இடையே 4 அடி, அதாவது 48 அங்குலம். வழக்கமான விசிறியின் வீச்சு 1200 மில்லிமீட்டர். அதன் ஆரை ஏறக்குறைய 24 அங்குலம். விளக்கின் ஆரை 14. இரண்டையும் கூட்டினால் 38. எஞ்சுவது 10 அங்குலமே! விசிறி சுழலும்போது கண்ணாடித் தொங்கல்கள் ஓயாமல் ஆடும், ஒன்றோடொன்று மோதும். ஆதலால் அவ்வறையில் 28 என்பதை மேல் எல்லையாகக் கொண்டு, 20 அங்குல அளவில் நிறுத்திக்கொள்வதே நன்று. விசிறி ஒன்றே போதுமாயின், அதை ஒரு பாதியிலும் விளக்கை மறுபாதியிலும் மாட்டலாம்; அப்பொழுது தாராளமாக இடம் இருக்கும்.

நான் அறிந்த ஓர் இல்லத்தில் 14 அடிக்கு 10 அடி கொண்ட கூடம். 24 அங்குலம் மிகுதி. அவர்கள் வாங்கியதோ 40 அங்குல விளக்கு. வெளியூரில் பணிபுரியும் மகன் அனுப்பிய பணத்தோடு கடனும் சேர்ந்தது. விளக்கு ஏறியது, விசிறி இறங்கியது. கோடை வந்ததும் அவ்வீட்டு மூதாட்டியார் தம் கட்டிலைத் திண்ணைக்கு மாற்றிக்கொண்டார். விளக்கை இப்பொழுது பொங்கலன்று ஏற்றுகிறார்கள். விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று கடைக்காரர் முன்பே எழுதி மாட்டியிருந்தாராம்.

அடுத்தது உயரம். விளக்கின் அடிப்பகுதி தரையிலிருந்து 7 அடிக்குக் குறையாமல் இருக்கவேண்டும். கூரை 10 அடியாயின், சங்கிலியும் விளக்கும் சேர்ந்து 36 அங்குலத்திற்குள் அடங்கவேண்டும். 30 அங்குலமாயின் இன்னும் நன்று. நம் நாட்டுக் கட்டட விதிகள் வாழும் அறைக்குக் கேட்கும் குறைந்த உயரம் 2.75 மீட்டர், ஏறத்தாழ 9 அடி. அத்தகைய அறையில் 24 அங்குலத்திற்கு மேல் இடமில்லை. அங்கே அடுக்கடுக்கான விளக்கை நாடாமல், கூரையை ஒட்டிய தட்டையான விளக்கையே நாடுக. உணவு மேசையின்மேல் தொங்குவதற்கு மட்டும் விதி வேறு. அதன்கீழ் ஒருவரும் நடப்பதில்லை. மேசைப்பலகைக்கு மேல் 30 முதல் 36 அங்குலம் இருந்தால் போதும்.

எடையைப் பற்றியும் ஒரு சொல். கலீலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய உண்மை இது: ஒரு பொருளை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெருக்கினால், அதன் எடை அவ்விகிதத்தின் மும்மடிப்படி பெருகும். 2 அடி விட்டமுள்ள விளக்கு 6 கிலோகிராம் என்க. அதே வடிவில் உறுப்புகள் அனைத்தும் பெருத்த 3 அடி விளக்கு 20 கிலோகிராமுக்கு மேல் ஆகிவிடும். விட்டம் ஒன்றரை மடங்கு. எடையோ மூன்று மடங்கிற்கும் மேல்! கொக்கி மட்டும் பழைய கொக்கியே. அது கான்கிரீட்டில் பதிக்கப்பெற்றதா என்று கொத்தனாரையோ பொறியாளரையோ கேட்டறிக. அழகிற்காகக் கீழே அமைக்கும் ஜிப்சம் பலகையில் விளக்கின் எடையை ஏற்றவே கூடாது.

பெரிய விளக்கானால்தான் வெளிச்சம் வரும் என்பாரும் உளர். நாம் எடுத்துக்கொண்ட அறையின் பரப்பு ஏறத்தாழ 18 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 150 லூமென் எனக் கொண்டால் 2700 லூமென் வேண்டும். மெழுகுவத்தி ஏற்றினால் 200-க்கு மேல் தேவை. இக்காலத்து 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று ஏறத்தாழ 900 லூமென் தருகிறது. கண்ணாடியிலும் சுவரிலும் சிறிது இழந்தாலும் நான்கு விளக்குகள் போதும். ஆகவே ஒளிக்காக அளவைப் பெருக்கவேண்டிய காலம் கடந்துவிட்டது. இனி அளவு என்பது கண்ணுக்காக மட்டுமே.

கணக்கை முடித்தபின் கண்ணாலும் சோதியுங்கள். பழைய செய்தித்தாள்களை ஒட்டி, நீங்கள் கண்ட விட்டத்தில் ஒரு வட்டம் வெட்டுங்கள். சணல் கயிற்றில் கட்டி, விளக்கின் அடி வரவேண்டிய உயரத்தில் தொங்கவிடுங்கள். இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். வீட்டில் உயரமானவர் அதன்கீழ் நடந்து பார்க்கட்டும். பாட்டி தம் வழக்கமான இடத்தில் அமர்ந்து பார்க்கட்டும். விசிறியை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். உறுத்தினால் கத்தரிக்கோலால் ஓரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எல்லோரும் போதும் என்று சொல்லும் அளவில் வட்டத்தை இறக்கி, சுருட்டி, கடைக்குப் போகும் தந்தையாரின் கையில் கொடுத்தனுப்புங்கள்.