கடைசி வாங்கிலிருந்து கேட்டால்



மட்டக்களப்பில் இசை பற்றிக் கூடும் அவை விபுலாநந்த அடிகளின் பெயரைச் சொல்லாமல் தொடங்குவதில்லை. நானும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் எனக்கு இன்று வேண்டியவர் வாத்தியார் விபுலாநந்தர். 1892இல் காரைதீவில் மயில்வாகனனாகப் பிறந்து, கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்று, விஞ்ஞானம் படிப்பித்து, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கியவர் அவர். ஏறத்தாழ 14 ஆண்டு உழைப்பின் பயனான, பழந்தமிழ் இசையை ஆராயும் யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்புதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். அந்த நூலின் முடிவுகளோடு சிலருக்கு உடன்பாடில்லாமல் இருக்கலாம். அவர் போன வழியைத்தான் நான் கவனிக்கிறேன். செவிக்குப் பட்டதைக் கணக்கால் சோதித்தார். கணக்குச் சொன்னதை மறுபடி நரம்பில் தேடினார். தன் காதையே அவர் முழுதாக நம்பிவிடவில்லை.

புதிதாக நியமனம் பெறும் சங்கீத ஆசிரியருக்கு இந்த அவநம்பிக்கையைக் கற்றுக்கொடுக்கிறோமா?

இந்தப் பக்கத்தில் அவர்கள் பெரும்பாலும் இரண்டு வாசல்களால் வருகிறார்கள். ஒன்று, 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக இருக்கும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். மற்றது, தாழங்குடாவில் உள்ள தேசிய கல்வியியற் கல்லூரி. அங்கே இரண்டு ஆண்டுகள் விடுதிப் படிப்பு, மூன்றாம் ஆண்டு பாடசாலையில் கட்டுறு பயிற்சி. பிறகு நியமனக் கடிதம் வரும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வளர்ந்த பிள்ளை மேற்கே படுவான்கரைப் பாடசாலைக்குப் போகும். குருமண்வெளியில் பாதை என்னும் மிதவையில் ஏறி, வாவியைக் கடந்து, மண்டூரில் இறங்கி, அங்கிருந்தும் உள்ளே போக வேண்டியிருக்கும். போய்ச் சேர்ந்தால் குறுகிய பாடவேளை, பக்கத்து வகுப்பில் கணிதம், "ரீச்சர், சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ" என்ற அதிபரின் குரல்.

இவர்களிடம் மீள்நோக்குக் குறிப்பு எழுதும்படி கேட்கிறோம். எழுதுகிறார்கள். அத்தகைய கொப்பிகள் பலவற்றை நான் படித்திருக்கிறேன். "மாணவர்கள் ஆர்வத்துடன் பங்குபற்றினர்." "நேரம் போதவில்லை." "பின்வரிசை மாணவர்களின் கவனம் குறைவு." ஆளுக்கு ஆள் கையெழுத்துத்தான் மாறுகிறது. ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. மேலதிகாரி பார்த்துப் புள்ளி போடும் கொப்பியில் எவர்தான் மனந்திறந்து எழுதுவார்?

கொப்பிக்குப் பதிலாகக் கைத்தொலைபேசியை எடுங்கள் என்று நான் சொல்லி வருகிறேன். அதிபரிடமும் பெற்றோரிடமும் முதலில் அனுமதி பெறுங்கள். பிறகு ஒரு பாடவேளையை ஒலிப்பதிவு செய்யுங்கள். தொலைபேசியை உங்கள் மேசையில் வைத்தால் உங்கள் குரல்தான் பதியும். அதைக் கடைசி வாங்கில் வையுங்கள். அன்றிரவே போட்டுக் கேளுங்கள்.

முதல் தடவை கேட்கிறவர்களுக்கு அநேகமாக ஒரே அதிர்ச்சிதான். வகுப்பு பாடவில்லை, ஆசிரியர்தான் பாடிக்கொண்டிருக்கிறார். சரளி வரிசையை அவர் சொல்லிக்கொடுத்து, பிள்ளைகள் திருப்பிச் சொல்லும்போதும் கூடவே உரத்துப் பாடுகிறார். அந்தக் குரலின் மறைவில் பாதி வகுப்பு வாயை மட்டும் அசைக்கிறது.

இரண்டாம் தடவை கேட்டால் வேறொன்று பிடிபடும். தரம் 8, 9 வகுப்புகளில் ஆண் பிள்ளைகளின் குரல் எங்கே போயிற்று? அந்த வயதில் அவர்களுக்குக் குரல் உடைகிறது. ஆசிரியை தன் குரலுக்கு வசதியாக 5 கட்டையில் சுருதி வைக்கிறார். உடைந்த குரலுக்கு அந்தச் சட்சத்திலிருந்து மேலே போவது சிரமம். ஒரு ஸ்தாயி கீழே இறங்கினாலோ மந்தரத்தில் ஒலியே எழும்பாது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட பிள்ளை என்ன செய்வான்? பேசாமல் இருப்பான், இல்லாவிட்டால் பக்கத்திலிருப்பவனைக் கிள்ளுவான். கொப்பியில் "கவனம் குறைவு" என்று எழுதப்பட்டவன் அவன்தான். சுருதியை 1 கட்டைக்கு மாற்றிப் பாருங்கள். பெண் பிள்ளைகள் தங்கள் ஸ்தாயியில் பாடுவார்கள், குரல் உடைந்தவர்கள் ஒரு ஸ்தாயி கீழே சேர்ந்துகொள்வார்கள். அதுவும் எட்டாதவனுக்கு ச முதல் ப வரை போதும். இதில் நட்டம் ஆசிரியைக்குத்தான். அவர் தன் வசதியான சுருதியை விட்டுக்கொடுக்க வேண்டும். கச்சேரிக்குப் பழகிய தொண்டைக்கு அது இலேசல்ல என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம். படுவான்கரையில் ஒரு பையனைப் பார்த்து, "இவனுக்குத் தாள ஞானமே இல்லை" என்று சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். ஆதி தாளத்தில் விரல் எண்ணிக்கை தவறுகிறதாம். அதே பையன் இரவில் கூத்துக் களரியில் வடமோடி வரவுத் தாளத்துக்குப் பிசகாமல் ஆடுகிறான். மத்தளமும் சல்லரியும் கேட்டால் அவன் கால் தானாக எடுக்கும். கண்ணகி குளுர்த்திச் சடங்கில் பாடப்படும் மெட்டை அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே கேட்டவன். காத்தான்குடிப் பிள்ளைக்கு ரபான் இருக்கிறது, பறங்கியர் வீட்டுப் பிள்ளைக்கு பைலா இருக்கிறது. மாயாமாளவகௌளையில் சுத்த ரிஷபத்தைப் பிடிக்கத் திணறும் பிள்ளை வெறுங்காதோடு வரவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரிந்தால் பாடம் வேறு இடத்திலிருந்து தொடங்கும்.

இனி, கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரிடம் வருகிறேன். பின்வரிசையில் அவர்களை இருத்தியது ஏற்பாட்டுக் குழுவின் பிழை; என் விருப்பப்படி நடந்திருந்தால் மேடையில் இருந்திருப்பார்கள். டொனால்ட் ஷோன் 1983இல் எழுதிய நூலுக்குப் பிறகுதான் இந்த மீள்நோக்குப் பேச்சு உலகெங்கும் பரவியது. அவரே கிளாரினெட் வாசித்தவர். செய்யும்போதே சிந்திப்பது எப்படி என்று காட்ட ஜாஸ் கலைஞர்களையும் உதாரணம் காட்டினார். நல்ல நூல், படியுங்கள். ஆனால் நம் ஊரில் கூத்தருக்குச் சட்டம் என்ற பாட்டுப் பிரதியைக் கொடுத்து, மாதக்கணக்கில் பழக்கி, அரங்கேற்றத்துக்கு முன் அடுக்குப் பார்க்கிறார்களே, அது என்ன? கூத்தை முழுவதும் ஆடிப் பார்க்கிறார்கள். பழைய கூத்தர்களும் ஊர்ப் பெரியவர்களும் சுற்றி இருந்து பிசகைச் சொல்கிறார்கள். ஆடுகிறவன் தாளம் தப்பினால் கேள்வி அண்ணாவியாரிடம் வரும். வகுப்பறையில் அதே பிசகு பிள்ளையின் பெயருக்கு நேரே எழுதப்படுகிறது. பேராசிரியர் மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஜெயசங்கர் சீலாமுனையில் ஊராரோடு சேர்ந்து கூத்தை மீளுருவாக்கம் செய்தார். இவற்றை நாடகத்துறைக்காரர் பார்த்துக்கொள்ளட்டும் என்று இசை ஆசிரியர் கல்வி ஒதுக்கிவைத்திருப்பது எனக்கு விளங்கவில்லை.

அடுக்குப் பார்ப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. பிசகு சொல்கிறவர் புள்ளி போடுகிறவர் அல்ல. நம் ஏற்பாட்டில் இரண்டு வேலையும் ஒருவரிடமே இருக்கிறது. ஆலோசனை சொல்ல வருகிறவரே அறிக்கையும் எழுதுகிறார் என்று அஞ்சித்தான் இளம் ஆசிரியர் அன்றைக்கு மட்டும் நன்றாகப் பாடும் நான்கு பிள்ளைகளை முன்னால் இருத்துகிறார். தமிழ்மொழித் தினப் போட்டியும் கிட்டத்தட்ட இதே பழக்கத்தைத்தான் வளர்க்கிறது: ஐந்தாறு பேரைப் பொறுக்கி, மூன்று மாதம் ஒரே பாட்டு, கிண்ணம் வந்தால் நல்ல ஆசிரியர். மற்ற முப்பது பேர் அந்த மூன்று மாதமும் என்ன பாடினார்கள் என்று எவரும் கேட்பதில்லை. வாவியின் இரு கரையிலிருந்தும் இரண்டிரண்டு ஆசிரியராகச் சேர்ந்து, ஒருவர் பதிவை மற்றவர் கேட்டு, எந்தப் படிவத்திலும் எழுதாமல் பேசிக்கொள்ளட்டும். வலயக் கல்வி அலுவலகம் அதற்கு மாதத்தில் ஒரு பின்னேரத்தை விட்டுக்கொடுத்தால் போதும். நிதி ஒன்றும் கேட்கவில்லை.

தலைவர் என்ற உரிமையில் நிகழ்ச்சி நிரலில் ஒரு மாற்றம் செய்கிறேன். முதல் அமர்வில் கட்டுரை இல்லை. மூன்று இளம் ஆசிரியர்கள் தங்கள் வகுப்புப் பதிவுகளைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பிள்ளைகளின் பெயர் எதிலும் வராது. பெற்றோர் சம்மதம் பெறப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் கேட்போம். பிறகு முதலில் அண்ணாவிமார் பேசுவார்கள், அடுத்து பதிவு செய்த ஆசிரியர். பேராசிரியர்கள் தேநீர் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். அண்ணாவிமார் தயவுசெய்து முன்னால் வந்து இருங்கள். தம்பி, ஒலிபெருக்கி சரிதானே? முதல் பதிவைப் போடுங்கோ.