வீடு போன பிறகு வரும் காய்ச்சல்
(திருமழிசையில் சபையார் கூடுகையில் எங்கள் மருத்துவ ஊழியர்கள் பேசியது)



பிரசவ வார்டுக்கு நீங்கள் அனுப்பிய காணிக்கைக்கு நன்றி சொல்ல வந்தோம். கூடவே வெட்கமான ஒரு காரியத்தையும் சொல்லவேண்டும்.

1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் 3 பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். ஆண் டாக்டரை உள்ளே விட வீட்டாருக்கு மனமில்லை. அதைக் கண்டுதான் ஐடா ஸ்கடர் அம்மையார் டாக்டருக்குப் படித்து, 1900-ல் வேலூரில் ஊழியம் தொடங்கினார். இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாத் தாய்மாரும் ஆஸ்பத்திரிக்கே வருகிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரியிலேயே கர்ப்பப்பையில் கிருமி தொற்றலாம். வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் பார்த்த வார்டில், 1847 ஏப்ரலில் 100 தாய்மாருக்கு 18 பேர் இறந்தார்கள். பிரேதத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்த்ததே காரணம். குளோரின் நீரில் கைகழுவச் செய்தார். ஜூனில் 2 பேர்தான்.

எங்களிடம் சிசேரியன் ஆன ஒரு சகோதரிக்கு வீடு போன பின் காய்ச்சல் கண்டது. பால் கட்டிய காய்ச்சல் என்று மாமியார் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்லமாட்டோம், அப்படியும் காய்ச்சல் வருவதுண்டு. 3 நாள் கழித்து வந்தபோது அடிவயிற்றில் வலி, உதிரப்போக்கில் துர்நாற்றம், கர்ப்பப்பை சுருங்கவில்லை. இரத்தம், சிறுநீர், உள்ளிருந்து எடுத்த ஸ்வாப் மூன்றையும் கல்ச்சருக்கு அனுப்பினோம். ஒன்றும் வளரவில்லை. அரைகுறை மாத்திரை கிருமியைக் கொல்லாமல் மறைத்துவிட்டது. எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தோம்.

அதே வாரம் இன்னும் 2 தாய்மாருக்குத் தையலில் சீழ். இருவர் கல்ச்சரிலும் ஒரே கிருமி. ஆபரேஷன் பதிவேட்டைப் புரட்டினோம்: மூவருக்கும் அடுத்தடுத்த நாட்களில் ஆபரேஷன். ஆட்டோகிளேவ் கதவின் ரப்பர் தேய்ந்து நீராவி கசிந்துகொண்டிருந்தது. சரிசெய்யும்வரை ஆபரேஷனை நிறுத்தினோம். தேவகிருபையால் மூவரும் பிழைத்தார்கள். முதல் சகோதரி மட்டும் 16 நாள் படுக்கையில் கிடந்தார், கைக்குழந்தை பாட்டியிடம்.

இப்போது உங்கள் காணிக்கையில் ஒவ்வொரு தாய்க்கும் ஒரு தெர்மாமீட்டர் கொடுத்தனுப்புகிறோம். நர்ஸ் சகோதரி 30 நாள்வரை போன் செய்து விசாரிக்கிறார். கல்ச்சர் பாட்டில்களுக்குத்தான் இன்னும் பணம் தேவை.

உங்கள் வீட்டில் பிள்ளைபெற்ற மகளோ மருமகளோ இருந்தால், 6 வாரத்துக்குள் காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால், கடை மாத்திரை கொடுக்குமுன் கூட்டிவாருங்கள். ராத்திரியானாலும் கதவு திறந்திருக்கும்.