வளைவரைமேல் ஒரு புள்ளி

கணிதத்தில் புள்ளி மிக எளிய பொருள். அதற்கு நீளம் இல்லை, அகலம் இல்லை. இருக்கும் இடம் ஒன்றே உண்டு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அத்தகைய புள்ளியைக் கணிப்பொறிக்குள் எவ்வாறு எழுதி வைப்பது, எழுதியதை எவ்வாறு கூட்டுவது, பிறர் அனுப்பிய புள்ளியை எவ்வாறு ஏற்பது என்பன பற்றியே இன்று பேச விரும்புகிறேன். இது பொழுதுபோக்குக் கணக்கு அன்று. கைப்பேசி வழியே நாம் அனுப்பும் பணமும் மடலும் பெரும்பாலும் இந்தப் புள்ளிகளின் காவலில்தான் செல்கின்றன.

இந்தப் புள்ளிகள் வாழும் இடத்திற்கு நீள்வட்ட வளைவரை என்று பெயர். பெயரைக் கேட்டு நீள்வட்டத்தை நினைத்துவிட வேண்டா. நீள்வட்டத்தின் வில்லை அளக்கப் புகுந்த கணக்குகளிலிருந்து பெயர் வந்ததே தவிர, வடிவத்தில் இரண்டிற்கும் ஒற்றுமை இல்லை. ஒரு புள்ளியைக் குறிக்க இரண்டு எண்கள் வேண்டும் அல்லவா? கிடையாகச் செல்லும் தொலைவைக் கிடையெண் என்றும், குத்தாகச் செல்லும் தொலைவைக் குத்தெண் என்றும் அழைப்போம். குத்தெண்ணின் வர்க்கம், கிடையெண்ணின் கனத்தோடு 7 கூட்டியதற்குச் சமமாக இருக்க வேண்டும். இதுவே நாம் எடுத்துக்கொள்ளும் வளைவரையின் சட்டம். பிட்காயின் என்னும் மின்னணுப் பணத்தில் வழங்குவதும் இதே சட்டந்தான்.

முடிவில்லாமல் நீளும் தசமங்கள் இந்த வேலைக்கு ஒத்துவாரா. ஆகையால் கடிகாரக் கணக்கைக் கைக்கொள்கிறோம். பத்து மணிக்குமேல் ஐந்து மணி நேரம் சென்றால் பதினைந்து மணி என்னாமல் மூன்று மணி என்கிறோம். அதுபோல, 17 என்ற பகா எண்ணால் வகுத்துக் கிடைக்கும் மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம். கிடையெண் 1 ஆனால், அதன் கனத்தோடு 7 கூட்ட 8 ஆகிறது. 5இன் வர்க்கம் 25; அதை 17ஆல் வகுத்தால் மீதியும் 8. ஆகவே (1, 5) என்பது நம் வளைவரைமேல் உள்ள ஒரு புள்ளி. இச்சிற்றுலகில் இப்படி 17 புள்ளிகள் உள்ளன. உண்மையான காவலில் 17க்குப் பதிலாக 78 இலக்கங்கள் கொண்ட ஒரு பகா எண் நிற்கிறது, முறை ஒன்றே.

இரண்டு புள்ளிகளைக் கூட்டுவது எவ்வாறு? இரண்டின் வழியாகவும் ஒரு நேர்கோடு வரைக. அது வளைவரையை மூன்றாவது இடத்தில் வெட்டும். அவ்விடத்தைத் தலைகீழாகத் திருப்பினால் கிடைப்பதே கூட்டுத்தொகை. ஒரே புள்ளியைத் தன்னோடு கூட்ட வேண்டுமானால் அங்கே தொடுகோடு வரைய வேண்டும். (1, 5)ஐ இரட்டித்தால் (2, 10). மீண்டும் (1, 5)ஐக் கூட்டினால் (5, 9). கோடு நேர்குத்தாக நின்றுவிட்டால் மூன்றாவது வெட்டிடம் கிடைக்காது. அப்போது கூட்டுத்தொகையை முடிவிலிப் புள்ளி என்கிறோம். எண்களிடையே சுழியம் வகிக்கும் பதவியைப் புள்ளிகளிடையே வகிப்பது அது.

1985ஆம் ஆண்டில் நீல் கோப்ளிட்ஸ், விக்டர் மில்லர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள், ஒருவரையொருவர் அறியாமலே, இக்கூட்டலைக் கொண்டு இரகசியம் காக்கலாம் என்று கண்டனர். கமலாவும் மணியும் தொலைவில் இருக்கிறார்கள் என்று கொள்வோம். (1, 5) என்ற தொடக்கப் புள்ளியை ஊரே அறியும். கமலா 2 என்ற எண்ணை மனத்தில் இரகசியமாக வைத்துக்கொண்டு, அதன் இருமடங்கான (2, 10)ஐ மணிக்கு அனுப்புகிறாள். மணி 3 என்ற எண்ணை மறைத்து, மும்மடங்கான (5, 9)ஐக் கமலாவுக்கு அனுப்புகிறான். வந்த புள்ளியை அவள் இருமடங்காக்குகிறாள்; அவன் மும்மடங்காக்குகிறான். இருவருக்கும் கிடைப்பது (5, 8) என்ற ஒரே புள்ளி. அதுவே அவர்களது பொதுச் சாவி. இடையில் ஒட்டுக்கேட்டவன் (2, 10)ஐயும் (5, 9)ஐயும் அறிவான். ஆனால் எண்கள் 78 இலக்கங்களாக வளர்ந்துவிட்டால், எத்தனை மடங்கு என்பதை அவற்றிலிருந்து கண்டுபிடிக்க இன்றுள்ள கணிப்பொறிகளால் இயலாது.

இனி, புள்ளியை எழுதும் முறைகளைப் பார்ப்போம். கிடையெண்ணையும் குத்தெண்ணையும் அடுத்தடுத்து எழுதுவது நேரான வழி. முன்னால் 4 என்ற அடையாளம் இட்டு, ஓர் எண்ணுக்கு 32 பைட்டுகளாக, மொத்தம் 65 பைட்டுகளில் எழுதுவது வழக்கம். சிக்கனமான வழியும் உண்டு. கிடையெண் தெரிந்தால், சட்டத்தைக் கொண்டு குத்தெண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் பெரும்பாலும் இரண்டு விடைகள் வரும். கிடையெண் 1 ஆனால் குத்தெண் 5ஆகவும் இருக்கலாம், 12ஆகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் 17. ஆகவே ஒன்று ஒற்றை, மற்றொன்று இரட்டை. எது என்று சொல்ல ஓர் அடையாளம் போதும்: இரட்டைக்கு 2, ஒற்றைக்கு 3. இவ்வாறு 33 பைட்டுகளில் காரியம் முடிகிறது.

கூட்டும் வேளையிலோ வேறொரு வசதி தேவைப்படுகிறது. கடிகாரக் கணக்கில் பெருக்கல் எளிது, வகுத்தல் மிகக் கடினம். ஆதலால் நிரல் எழுதுவோர் மூன்றாவது எண் ஒன்றைச் சேர்த்து, வகுத்தலைக் கடைசிவரை தள்ளிப்போடுகின்றனர். முதலெண்ணை மூன்றாவதன் வர்க்கத்தாலும், இரண்டாவதை மூன்றாவதன் கனத்தாலும் வகுத்தால் புள்ளி வரும் என்பது ஏற்பாடு. (1, 5, 1) என்பதும் (4, 6, 2) என்பதும் ஒரே புள்ளி. அரை என்பதை இரண்டில் ஒன்று என்றும் நான்கில் இரண்டு என்றும் எழுதுவது போன்றது இது. ஆகவே இரு புள்ளிகள் சமமா என்று பார்க்கையில், எழுத்தை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். மூன்றாவது எண் சுழியமானால் அது முடிவிலிப் புள்ளி. இடமே இல்லாத புள்ளிக்கும் இம்முறையில் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது.

இவ்வளவையும் கற்றபின் நானும் ஒரு நிரல் எழுதினேன். 17 புள்ளிகளையும் ஒன்றோடொன்று கூட்டிப் பார்த்தேன். விடைகள் யாவும் சரியாக இருந்தன. மனநிறைவோடு இருக்கையில், தவறுதலாக (2, 0) என்று தட்டிவிட்டேன். 2இன் கனத்தோடு 7 கூட்டினால் 15. சுழியத்தின் வர்க்கமோ சுழியம். அப்படி ஒரு புள்ளி நம் வளைவரையில் இல்லை. ஆயினும் என் நிரல் முறையிடவில்லை. அமைதியாக விடை தந்தது.

காரணத்தைத் தேடியபோதுதான் உண்மை விளங்கிற்று. கூட்டல் வாய்பாட்டைப் பாருங்கள்: அதில் 7 என்ற எண் எங்குமே வருவதில்லை. கோட்டின் சாய்வைக் காண இரு புள்ளிகளின் எண்கள் போதும்; தொடுகோட்டிற்கும் 7 வேண்டுவதில்லை. (2, 0) என்பது, 7க்குப் பதிலாக 9ஐக் கூட்டும் வேறொரு வளைவரையின் புள்ளி. என் நிரல் தன்னையறியாமல் அயல் வளைவரைக்குப் போய் அங்கே கணக்குச் செய்துகொண்டிருந்தது!

இதனால் என்ன கேடு என்கிறீர்களா? (2, 0)ஐ இரட்டித்தால் முடிவிலிப் புள்ளி வரும். ஆகவே அதை இரட்டைப்படை மடங்கு பெருக்கினால் முடிவிலி. ஒற்றைப்படை மடங்கு பெருக்கினால் (2, 0). பகைவன் ஒருவன் மணியின் பெயரில் இப்புள்ளியைக் கமலாவுக்கு அனுப்பினால், அவள் தன் இரகசிய எண்ணால் அதைப் பெருக்கி, வந்த சாவியால் மறுமொழியைப் பூட்டி அனுப்புவாள். இருக்கக்கூடிய சாவிகள் இரண்டே. இரண்டையும் போட்டுப் பார்த்தால், அவளது எண் ஒற்றையா இரட்டையா என்பது வெளியாகிவிடும். அடுத்து (0, 1)ஐ அனுப்பட்டும். அது மும்முறை கூட்டினால் முடிவிலியாகும் புள்ளி. எனவே அவளது எண்ணை 3ஆல் வகுத்தால் வரும் மீதி தெரிந்துவிடும். அவள் அதே இரகசிய எண்ணைத் தொடர்ந்து பயன்படுத்தினால், இவ்வாறே வெவ்வேறு வளைவரைகளிலிருந்து மீதிகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம். மீதிகளைக் கொண்டு எண்ணை மீட்கும் கலை நமக்குப் புதிதன்று, கி.பி. 499இல் ஆரியபட்டர் எழுதிய நூலிலேயே குட்டகம் எனப்படும் அதன் வழி சொல்லப்பட்டிருக்கிறது. 78 இலக்கப் பூட்டை யாரும் உடைக்கவில்லை. காவலாளியே கேள்விக்கொரு துண்டாகச் சாவியைக் கொடுத்துவிடுகிறான்.

இது கற்பனைப் பயம் அன்று. 2015இல் யாகர், ஷ்வெங்க், சோமொரோவ்ஸ்கி என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள், மறையீட்டுக்கான எட்டு நிரல் நூலகங்களைச் சோதித்து, அவற்றுள் இரண்டில் இந்தக் குறை இருக்கக் கண்டனர். 2018இல் இஸ்ரேல் நாட்டின் டெக்னியான் நிறுவனத்தைச் சேர்ந்த எலி பிகாம், லியோர் நியூமன் என்ற இருவர், புளூடூத் என்னும் கம்பியில்லா இணைப்பு முறையில் இதையொத்த ஓட்டையை வெளியிட்டனர். அங்கே இரு கருவிகளும் புள்ளிகளைப் பரிமாறிக்கொள்ளும்போது, கிடையெண் மட்டுமே மாற்றப்படாததென உறுதிசெய்யப்பட்டது; குத்தெண்ணை யாரும் கவனிக்கவில்லை. இடையில் நிற்பவன் அதைச் சுழியமாக்கிவிட்டால் போதும். நம் (2, 0)ஐப் போன்ற புள்ளியாக அது மாறிவிடும். இதன்பின், வந்த புள்ளியைச் சோதித்தே தீர வேண்டும் என்று புளூடூத் விதி திருத்தப்பட்டது.

தீர்வு எத்துணைச் சிறியது பாருங்கள்! புள்ளி வந்தவுடன் குத்தெண்ணை வர்க்கமாக்கு. கிடையெண்ணின் கனத்தோடு 7ஐக் கூட்டு. இரண்டும் சமமா என்று பார். முடிவிலியாக இருந்தால் மறுத்துவிடு. சில பெருக்கல்கள், ஓர் ஒப்பீடு, அவ்வளவே. சிக்கன முறையில் எழுதினால் இச்சோதனை ஓரளவு தானாகவே நடந்துவிடும். கிடையெண்ணுக்குரிய குத்தெண் கிடைக்காவிட்டால் நிரல் அங்கேயே நின்றுவிடும். நம் சிற்றுலகில் கிடையெண் சுழியம் என்று அனுப்பினால், எந்த எண்ணின் வர்க்கமும் 7 ஆகாதாகையால், வாசலிலேயே அது தடுக்கப்படும்.

அன்று என் நிரலில் அந்த வரியைச் சேர்த்து, மீண்டும் (2, 0) என்று தட்டினேன். இப்புள்ளி வளைவரைமேல் இல்லை என்று நிரல் மறுத்தது. சரியான வினாவுக்குச் சரியான விடை வருகிறதா என்பதை மட்டுமே அதுவரை நான் சோதித்திருந்தேன். தகாத வினா வந்தால் என்ன செய்யும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தேற்றம் எழுதும்போது, ‘வளைவரைமேல் ஒரு புள்ளி இருக்கட்டும்’ என்று தொடங்குகிறோம். தாளில் அது ஓர் அனுமானம். நிரலிலோ அது நாம் செய்து தீர வேண்டிய ஒரு வேலை. நிரல் எழுதப் புகும் மாணவர்கள் இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால், பிறர் நம்பி ஒப்படைத்த இரகசியங்கள் அவர்கள் கையில் பத்திரமாக இருக்கும்.