தாயின் வாயையும் பார்க்கவேண்டும்

(காஞ்சிபுரத்தில் நடந்த நன்கொடையாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



போதகர் பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று சிலர் புன்னகைக்கலாம். பிரசவ வார்டில் ஜெபிக்கச் செல்லும் நாங்கள் வெகு நாட்களாய்க் கவனித்துவரும் காரியம் இது. தாய்மாரில் சிலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே பேசுவார்கள். கூச்சம் என்று எண்ணத் தோன்றும். மெல்ல விசாரித்தால், ஈறு வீங்கியிருக்கிறது, பல் தேய்த்தால் இரத்தம் வருகிறது, வாய் நாறுகிறது என்பார்கள். "பிள்ளைத்தாய்ச்சிக்கு இது சகஜம்தானே ஐயா" என்று அவர்களே முடித்தும் விடுவார்கள்.

சகஜம்தான், ஆனால் விட்டுவிடத்தக்கதல்ல. கர்ப்பகாலத்தில் சுரப்புநீர்கள் பெருகுவதால் ஈறுகளில் இரத்த ஓட்டம் கூடுகிறது. பல்லோரத்து அழுக்கிலுள்ள கிருமிகளால் ஈறு எளிதில் புண்படுகிறது. பெரும்பாலும் இரண்டாம் மாதத்தில் தொடங்கி, எட்டாம் மாதத்தில் உச்சத்துக்கு வந்து, பிரசவத்துக்குப் பின் தணியும். கேடு இடையில்தான் நடக்கிறது. இரத்தத்தைக் கண்டு பயந்து பிரஷ்ஷை ஒதுக்கிவிடுகிறார்கள். அழுக்கு இன்னும் சேர்ந்து காரையாய் இறுகுகிறது. பல்லைத் தாங்கும் எலும்புவரை நோய் இறங்கிவிட்டால் பிரசவத்தோடு அது போகாது. பிள்ளை பெற்றால் பல் போகும் என்று பாட்டிமார் சொல்வது இப்படித்தான் மெய்யாகிறது. வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுப்பதில்லை.

உங்களிடம் ஒளிவுமறைவின்றி ஒன்றைச் சொல்லவேண்டும். 1996-ல் அமெரிக்காவின் வட கரோலினா ஆய்வாளர்கள், ஈறு நோய் முற்றிய தாய்மாருக்குக் குறைமாத, எடை குறைந்த பிள்ளை பிறக்கும் வாய்ப்பு சுமார் ஏழு மடங்கு என்று எழுதினார்கள். பல்லைச் சுத்தம் செய்தால் குறைப்பிரசவம் நிற்கும் என்று பலர் நம்பினார்கள். 2006-ல் அதே நாட்டில் ஈறு நோயுள்ள 823 கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கிச் சோதித்த முடிவு வெளிவந்தது. கர்ப்பகாலத்திலேயே சிகிச்சை பெற்றவர்களில் 12.0 சதவீதம், பெறாதவர்களில் 12.8 சதவீதம் குறைப்பிரசவம். வித்தியாசம் இல்லையென்றே கொள்ளவேண்டும். ஆகவே, பல்லைச் சுத்தம் செய்து சிசுவைக் காப்போம் என்று சொல்லி உங்களிடம் காணிக்கை கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் அதே ஆய்வில் சிகிச்சை பெற்றவர்களின் ஈறு குணமடைந்தது. சிகிச்சையால் சிசுவுக்குத் தீங்கு காணப்படவில்லை. எங்களுக்கு அது போதும். தாயின் வேதனை சிசுவின் பொருட்டு மட்டும்தான் தீர்க்கப்படவேண்டுமா?

நம் ஊரில் தடை வேறு. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் தறி ஒருவர் உழைப்பால் ஓடுவதல்ல. கணவர் குழித்தறியில் அமர்ந்தால் மனைவி தார் சுற்றவேண்டும். கோர்வைக் கரை போட்ட சேலையென்றால் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். பல்வலிக்கென்று ஒரு நாள் போனால் இருவர் கூலி போகும். ஆகவே மருந்துக் கடையில் சொல்லி மாத்திரை வாங்குகிறார்கள். எங்களுக்குப் பயம் அங்கேதான். டெட்ராசைக்ளின் மாத்திரை பிள்ளையின் பற்களில் கறையை உண்டாக்கும். சில வலி மாத்திரைகள் கர்ப்பத்தின் பிற்பாதியில் சிசுவின் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் பாதிக்கக்கூடும். பல் மருத்துவர் போடும் மரப்பூசி பாதுகாப்பானது. அதற்கு அஞ்சுகிறவர்கள் இவற்றை அஞ்சாமல் விழுங்குகிறார்கள்!

பல் மருத்துவரிடம் போக நான்கு முதல் ஆறு மாதம் வசதியான காலம். கடும் வலியோ வீக்கமோ இருந்தால் எந்த மாதத்திலும் காத்திருக்கவேண்டாம். கர்ப்பமாயிருப்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

2016 முதல் மாதந்தோறும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கென்று சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. எந்த மருத்துவமனையானாலும், எடையும் இரத்த அழுத்தமும் பார்க்கிற அன்றைக்கே வாயையும் பார்த்துவிட்டால் தறி இன்னொரு நாள் நிற்கவேண்டியதில்லை. உங்கள் உதவியை நாங்கள் கேட்பது இதற்காகவே.

வீட்டில் செய்யவேண்டியது அதிகமில்லை. மென்மையான பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட், காலையும் இரவும். செங்கல் பொடியும் கரியும் வேண்டாம். வாந்தியெடுத்தவுடன் பல் தேய்க்கக்கூடாது. வயிற்றுப் புளிப்பு பல்லின் மேற்பூச்சை இளக்கியிருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்துக் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம். இதைத் தாயிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. மாமியார் பக்கத்தில் இருக்கும்போதே சொல்கிறோம். அவர்களில் பலர் தங்கள் வாயையும் பார்க்கச் சொல்வார்கள். பார்க்க ஏற்பாடு செய்துதான் அனுப்புகிறோம்.