கட்டுப்பாட்டு அறையில் நம் இளைஞர்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

இராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் திரளாக வந்துள்ள இளைஞர்களே!

படிப்பு என்றவுடன் ஆசிரியப் பணி, அரசு அலுவலகப் பணி ஆகிய இரண்டையே நாம் பெரிதும் எண்ணி வந்தோம். அவை நம் குடும்பங்களை உயர்த்தின, அதனை மறுப்பாரில்லை. இன்று வேறொரு வாயிலைக் காட்ட விழைகிறோம். சிறு தொலைக்காட்சி நிலையங்களை இணையவழி இயக்கும் மென்பொருளை உருவாக்குதல் என்பதே அது.

இது நமக்கு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். 1893 இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907 இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். 1920 இல் அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழை வெளியிட்டார். பிறர் தம் ஏட்டில் நமக்கு ஒரு மூலை ஒதுக்கட்டும் என்று அப்பெரியோர் காத்திருக்கவில்லை. எதை அச்சிடுவது, எதை முதற்பக்கத்தில் வைப்பது என்னும் அதிகாரம் தம் கையில் இருக்கவேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

தொலைக்காட்சியில் அத்தகைய அதிகாரம் நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்தது. 1959 செப்டம்பர் 15 இல் தில்லியிலும், 1975 ஆகஸ்டு 15 இல் சென்னையிலும் ஒளிபரப்புத் தொடங்கியது. பெருஞ்செலவில் அமைந்த அந்நிலையங்களை அரசே நடத்த இயன்றது. பின்னர் கேபிள் வந்தது. 1995 இல் அதற்கெனச் சட்டமும் வந்தது. ஊர்த் திருவிழாவையும் உள்ளூர்ச் செய்தியையும் காட்டும் சிறு அலைவரிசைகள் சிறு நகரங்களிலும் தோன்றின. அத்தொழிலில் நம் பிள்ளைகளும் இடம்பெற்றனர். எந்த இடம்? கம்பம் ஏறினர்; வெயிலில் நின்று கேபிள் இழுத்தனர். அது நேர்மையான உழைப்பே, குறைவன்று. ஆயினும் எதனை, எப்பொழுது காட்டுவது என்று முடிவு செய்யும் அறைக்குள் அவர்களுள் எத்தனை பேர் அமர்ந்தனர் என்பதே நம் வினா.

அவ்வறையில் நடப்பது யாது? நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் ஒரு நொடிக்கு 25 முழுப் படங்கள் திரையில் தோன்றுகின்றன. ஒரு நாளில் 86,400 நொடிகள். ஆகவே 21,60,000 படங்கள். இவற்றுள் ஓர் இடைவெளியும் விழாமல், பாடல் முடிந்ததும் விளம்பரம், விளம்பரம் முடிந்ததும் செய்தி என்று வரிசைப்படுத்த வேண்டும். மூலையில் சின்னமும் அடியில் ஓடும் எழுத்தும் சேர்க்க வேண்டும். முன்னாளில் இதற்குத் தனித்தனி எந்திரங்கள் தேவைப்பட்டன. இன்று ஒரு கணினியே அவ்வேலைகளைச் செய்கிறது.

சுவீடன் நாட்டுப் பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்.வி.டி. இதற்கென 'காஸ்பர்சிஜி' என்னும் மென்பொருளை உருவாக்கி, 2006 முதல் தன் ஒளிபரப்பில் பயன்படுத்தியது. 2008 இல் அதனை எவரும் இலவசமாகப் பெறவும் திருத்தவும் உரிமையளித்து வெளியிட்டது. நார்வே நாட்டின் என்.ஆர்.கே. நிறுவனம் 'சோஃபி' என்னும் இணையவழிக் கட்டுப்பாட்டு மென்பொருளை உருவாக்கி, 2018 முதல் செய்தி ஒளிபரப்புக்குப் பயன்படுத்தி வருகிறது. அதன் மூல நிரலையும் எவரும் எடுத்துப் படிக்கலாம்.

இணையவழி என்பதன் பொருளை எளிதாக விளக்குவோம். படங்களை வெளியிடும் கணினி நிலையத்தில் இருக்கும். அதன் அருகே சர்வர் ஒன்று நிகழ்ச்சிப் பட்டியலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, 'இதனைக் காட்டு, இதனை நிறுத்து' என்று ஆணையிடும். பணியாளரோ, வேறொரு கணினியில் நாம் செய்தி படிக்கப் பயன்படுத்தும் அதே பிரவுசரைத் திறந்து, அப்பட்டியலைக் கண்டு திருத்துவார்.

இதனை எழுதப் புகுவோர் முதலில் கொள்ளவேண்டிய நெறிகள் இரண்டு. பணியாளரின் இணைப்பு அறுந்தாலும் ஒளிபரப்பு நிற்றல் கூடாது. ஆதலின் பட்டியலை நடத்தும் பொறுப்பு சர்வரிடமே இருத்தல் வேண்டும். மின்சாரம் போய் வந்தால் விட்ட இடத்தை அறிந்து தொடங்கவேண்டும். ஆதலின் ஒவ்வொரு மாற்றமும், அதைச் செய்தவர் பெயரும் நேரமும், உடனுக்குடன் பதிவாதல் வேண்டும்.

நம் ஊருக்கென அமைந்த சிக்கல்களும் உள. கணினிகள் பொதுவாக கிரீன்விச் நேரத்தை அடிப்படையாகக் கொள்கின்றன. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. இதனைக் கருதாமல் நிரல் எழுதினால், நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரையுள்ள நிகழ்ச்சிகள் முந்தைய நாளின் கணக்கில் விழும். தமிழெழுத்தில் 'கொ' என்பதன் கொம்பு ஒருபுறமும் கால் மறுபுறமும் நிற்கவேண்டும். இதனை அறியாத மென்பொருளில் ஓடும் எழுத்துச் சிதையும். தமிழ் படித்த பிள்ளையின் கண்ணுக்கே இப்பிழை முதலில் புலப்படும்.

இவ்வேலையின் மதிப்பை 2020 ஆம் ஆண்டு நமக்குக் காட்டிற்று. தமிழக அரசு 2019 ஆகஸ்டு 26 இல் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியிருந்தது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது அதன்வழியே பாடங்கள் ஒளிபரப்பாயின. திறன்பேசி இல்லாத வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியே வகுப்பறை ஆயிற்று. அட்டவணையில் குறித்த நேரத்திற்குப் பிள்ளை பெட்டியின் முன் அமர்ந்திருக்கும். நேரம் தவறினால் அன்றைய பாடமே தவறிவிடும். பட்டியலை ஒழுங்காக நடத்தும் மென்பொருள் ஓர் ஏழைப் பிள்ளையின் கல்வியைக் காக்கும் கருவி என்பதை ஆசிரியராகிய நாம் கண்கூடாக அறிந்தோம்.

அன்பார்ந்த இளைஞர்களே! மகாடு நகராட்சி 1924 இல் சவுதார் குளத்தை அனைவர்க்கும் பொதுவென்று அறிவித்தது. ஆயினும் 1927 மார்ச்சு 20 இல் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று நீரை அள்ளும்வரை அவ்வறிவிப்பு ஏட்டளவிலேயே இருந்தது. இம்மென்பொருள்களும் இன்று எல்லார்க்கும் பொதுவென்றே அறிவிக்கப்பட்டுள்ளன. இங்கே வழிமறிப்பார் இலர். எனினும் அவை ஆங்கிலத்தில் உள்ளன. நல்லதொரு கணினியும் கற்பிப்பாரும் வேண்டும். கரை வரை பிள்ளைகளை அழைத்துச் செல்வது கழகத்தின் கடமை; இறங்கி அள்ளுவது உங்கள் கடமை.

ஆதலின் கழகத்தாரிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறோம். மாலைப் படிப்பகத்தில் இதற்கெனக் கணினி ஒன்று வாங்கி வையுங்கள். இரு நகரங்களிலிருந்தும் ஆண்களும் பெண்களுமாகச் சிலரைத் தேர்ந்து பயிற்சி கொடுங்கள். கேபிளில் ஒளிபரப்ப நடத்துநரின் இசைவும் சட்டத்திற்கு உட்பட்ட ஒழுங்கும் வேண்டும். கற்பதற்கோ எவர் இசைவும் வேண்டா. வரும் ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள் விழாவில், படிப்பகத் திரையில் ஒரு மணி நேர நிகழ்ச்சியை நம் பிள்ளைகளே பட்டியலிட்டு, பிழையில்லாத் தமிழெழுத்து ஓட, இடைவெளியின்றி நடத்திக் காட்டட்டும். அந்த ஒரு மணி நேரத்தில் 90,000 படங்கள் ஓடும். அவை அத்தனையும் அவர்கள் இட்ட வரிசையில் ஓடட்டும்.